பெண்கள் கழிப்பறைப் பினாயில் கோடையில் மட்டும் வெளுக்காதது குறித்து

அனுப்புநர்
மா. செல்லியம்மாள், வயது 34,
க/பெ மாரியப்பன்,
சேத்துமேட்டுக் குப்பம்,
கும்மிடிப்பூண்டி வழி, பொன்னேரி வட்டம்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தொழிற்சாலைகள் ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் ஆய்வாளர் அலுவலகம்,
சென்னை.

பொருள்: வலம்புரி எனாமல் பாத்திரத் தொழிற்சாலை – பெண்கள் கழிப்பறை – பினாயிலைத் திருடிவிட்டுப் படகுக் கீலைக் கலந்ததாக என்மீது சாட்டிய குற்றம் – கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன் நேரில் சோதிக்கக் கோருதல் – எனக்கு முன் நீக்கப்பட்ட குப்பாயி என்பவர் பெயரைச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனக்குக் கொடுக்கப்பட்ட 12-5-1973 நாளிட்ட தற்காலிக வேலை நீக்க உத்தரவு.
2. தொழிற்சாலை வாயிலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் தொழிற்சாலைச் சட்டச் சுருக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பாதிரியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை நானே எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பவரிடம் போயிருந்தால் நீளம் குறைந்திருக்கும். ஆனால் அவர், "கிணற்றுத் தண்ணீர், கூஜாத் தண்ணீர் எல்லாம் எதற்கம்மா, ஏழை, அபலை என்று இரண்டு வரி போட்டால் போதும்" என்றார். தண்ணீரை எடுத்துவிட்டால் இம்மனுவில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அவரிடம் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன். தாங்கள் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. மேற்படி தொழிற்சாலையில் எண்பத்து நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நான்கு கழிப்பறைகளும் ஒரு கைகழுவும் தொட்டியும் உண்டு. 1971ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அவற்றைக் கழுவும் வேலை என்னுடையது. ஆண்கள் பக்கத்தை ஒரு குத்தகைதாரர் தம் ஆட்களைக் கொண்டு கழுவுகிறார். அங்கே பிளீச்சிங் பவுடரைத் தூவுவதோடு சரி, பினாயில் கிடையாது. ஆகவே பினாயில் வெளுக்கிறதா இல்லையா என்பது அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் போகிற வீட்டில் பிறந்தவள் கக்கூஸ் கழுவப் போனாள் என்று குப்பத்தில் பேசினார்கள். இரண்டு வருஷம் பேசிவிட்டு அவர்களே அலுத்துப்போனார்கள்.

2. நான் வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு முறை தண்ணீர் ஊற்றித் தேய்ப்பேன். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேல் கதவைச் சாத்திவிட்டுப் பெரிய கழுவல். முதலில் சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி அரை மணி ஊற விடுவேன். பிறகு தேங்காய் நாரும் செங்கல் தூளும் வைத்துக் கால் வைக்கும் மேடைகளைத் தேய்ப்பேன். மேடைக்கும் பீங்கானுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடுக்கு இருக்கிறது. நாற்றமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. மூக்கை வைத்து முழம் முழமாகப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்த இடுக்குக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒட்ட நறுக்கிக் கட்டி ஒரு தூரிகை செய்து வைத்திருக்கிறேன். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குவளையின் கைப்பிடி, குழாயின் திருகு ஆகிய எல்லோருடைய கையும் படும் இடங்களைத் தனியே துடைப்பேன். தரை, சுவர் எல்லாம் கழுவியபின், கடைசியாக ஒரு வாளித் தண்ணீரில் பினாயிலைக் கலந்து நான்கு அறையிலும் ஊற்றி, ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் வைப்பேன். வாரம் ஒருமுறையாவது கிருமிநாசினி போட்டுக் கழுவ வேண்டும் என்று பார்வை 2இல் எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்கு முன் நின்று படித்தவள் நான் ஒருத்திதான் என்று காவலாளி சொன்னார்.

3. ஸ்டோர் மேற்பார்வையாளர் சடையப்பன் அவர்கள் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நாணயமானவர், கோபக்காரர். சனிக்கிழமை தோறும் நான் பினாயிலை வாளியில் ஊற்றும்போது வந்து நின்று பார்ப்பார். கருப்பாக விழுகிற பினாயில் தண்ணீரில் பட்டதும் பால்போல வெளுக்க வேண்டும். வெளுத்தால் துப்புரவுப் பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இதே சோதனையைத்தான் இருபது வருஷம் செய்தாராம். அவர் வாக்கு இது:

"பால் மாதிரி வெளுக்கணும்மா. வெளுக்கலன்னா அது பினாயிலே இல்ல. வேற இன்னாத்தையோ ஊத்திக்கினு என்கிட்ட கதை வுடாத."

4. இந்த ஆண்டு ஏப்ரல் மாதம் பினாயில் அரைகுறையாக வெளுத்தது. மே மாதம் ஐந்தாம் தேதி வெளுக்கவே இல்லை. பழுப்பாகத் திரிந்து, மேலே எண்ணெய்ச் சொட்டுகள் மிதந்தன. அடியில் கருப்புப் பொட்டுகள் படிந்தன. சடையப்பன் அவர்கள் பதிவேட்டில் "திரிந்தது" என்று எழுதிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் தேதியும் அப்படியே ஆயிற்று. அன்று அவர் என் கைகளைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் கருப்புக் கறை இருந்தது.

ஐயா, அந்தக் கறை கீல்தான். அதை நான் மறைக்கவில்லை. சித்திரை, வைகாசியில் எங்கள் குப்பத்துப் படகுகளைக் கரையேற்றி, இடுக்குகளில் கயிற்று நார் அடைத்து, தாரைக் காய்ச்சிக் கீல் பூசுவோம். முந்தின வியாழக்கிழமைதான் என் கணவருடன் சேர்ந்து எங்கள் படகுக்குப் பூசியிருந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை பத்து நாள் போகாது. பினாயிலும் கருப்பு, கீலும் கருப்பு. பினாயிலின் வாசனையும் தார் வாசனையை ஒட்டித்தான் இருக்கும். நான் பினாயிலை வெளியே விற்றுவிட்டு, தகரத்தில் கீலைக் கரைத்து ஊற்றி வைத்தேன் என்று முடிவு செய்ய அவருக்கு வேறென்ன வேண்டும்? அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

5. அன்றே என்னை மேலாளர் ஜகந்நாதன் அவர்கள் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு சோதனை நடந்தது. ஸ்டோரிலிருந்து முத்திரை உடைக்காத புதுத் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் சில சொட்டு விட்டார்கள். பால்போல வெளுத்தது. பக்கத்திலேயே நான் கலந்த வாளி இருந்தது. அது சாக்கடைபோல இருந்தது. மேலாளர் இரண்டையும் பார்த்தார், என் கையைப் பார்த்தார், உத்தரவை எழுதச் சொன்னார். நான் எதையும் கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணெதிரே டம்ளர் வெளுத்திருக்கிறது. அவமானத்தைவிட அந்த டம்ளர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று ஏன் இப்படி ஆயிற்று என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

6. நான்கு நாள் சோறு சரியாக இறங்கவில்லை. பதினாறாம் தேதி குப்பத்து ஊற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சவுக்காரம் நுரைக்கவில்லை. பிசுபிசுவென்று திரிந்து துணியில் ஒட்டியது. கோடையில் கழி வற்றி உப்பேறிவிட்டால் எங்கள் ஊற்றும் உப்புக் கரிக்கும்; சவுக்காரம் இப்படித்தான் ஆகும். பிறந்தது முதல் பார்த்து வருகிறேன். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கழியில் விழுந்து ஊற்று இனித்தபின், அதே சவுக்காரம் கை நிறைய நுரைக்கும். இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. அன்று மட்டும் திரிந்த சவுக்காரத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாளியில் பினாயில் திரிந்ததும் இதே மாதிரிதான் இருந்தது.

உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. கழிப்பறை வாளிக்குத் தண்ணீர் தொழிற்சாலைக் கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணறு கழியோரம் இருக்கிறது. மேலாளர் அறை டம்ளருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மூலையில் இருந்த மண்பானையிலிருந்து. அதிகாரிகள் குடிப்பதற்காக ஸ்டேஷன் பக்கத்துப் பம்பிலிருந்து தினமும் மாட்டுவண்டியில் கொண்டுவருகிற நல்ல தண்ணீர் அது. பியூன் பானையில் டம்ளரை முக்கியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

7. ஆனால் ஊற்றங்கரையில் தோன்றியதை வைத்து மட்டும் அதிகாரி முன் போய் நிற்க முடியுமா? பழைய கணக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன். துப்புரவுப் பதிவேடுகள் நேர அலுவலக எழுத்தர் கோதைநாயகி அம்மாள் பொறுப்பில் இருக்கின்றன. அவர் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விடியற்காலை வண்டியேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி இங்கே வருகிறார். வெளியில் எதையும் வாயில் வைக்க மாட்டார். தயிர்சாதமும், கோயில் மடைப்பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கூஜாவும் வீட்டிலிருந்தே வரும். நான் அவரை மதியம் வாயிலுக்கு வெளியே பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்றுதான் நினைத்துப் போனேன். அவரோ உப்புத் தண்ணீர் என்றதும், "பருப்பு வேகாத தண்ணியாச்சே அது" என்று தாமே சொன்னார். எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் மே மாதம் சாம்பார்ப் பருப்பு தனியாக நிற்பதாகப் புகார் வருவது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து மூன்று வருஷப் பதிவைத் தம் கைப்பட நகல் எடுத்துக் கொடுத்தார். அது இணைப்பு 1. இதற்காக அவர்மீது நடவடிக்கை வந்துவிடக் கூடாது என்று பெயரை விட்டுவிட இருந்தேன். பெயரோடு எழுதும்படி அவரே சொன்னார்.

8. நகலில் கண்டது: அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் "சரி". ஏப்ரலில் "மங்கல்". மே, ஜூனில் "திரிந்தது". ஜூலைக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருக்கிறது. 1971இல் அப்படி, 1973இல் மே வரை அப்படி. 1971 ஜூனில் என் கையில் திரிந்தபோது, எனக்கு முன் இருந்தவர் கெடுத்துவிட்டுப்போன தகரம் என்று சடையப்பன் அவர்களே சொல்லிவிட்டார். திருடுகிறவள் வருஷா வருஷம் வைகாசி வந்தால்தான் திருடுவாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு மே, ஜூன் இரண்டு மாதமும் "சரி" என்று இருந்தது. என் எண்ணமெல்லாம் அந்த ஒரு வரிசையில் இடிந்து விழுந்தது. அதே கிணறு, அதே வெயில், அதே நான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அறியாமல் என்னிடமே ஏதாவது தப்பு இருக்கிறதோ என்றும் பயந்தேன். கடைசியில் வாயில் காவலாளி முனிகிருஷ்ணன் அவர்களிடம் கேட்டபோது அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: அந்த வருஷம் சித்திரைப் பாதியில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது, சென்னைக்குக் கொண்டுபோய்க் கம்பி சுற்றிக் கொண்டுவர ஆடி பிறந்துவிட்டது, அதுவரை ஆரணி ஆற்றுப் பக்கத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. லாரி வந்த நேரமெல்லாம் அவருடைய வாயில் புத்தகத்தில் இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் நான் லாரித் தண்ணீரில்தான் பினாயில் கலந்தேன். மறந்தே போயிருந்தேன். ஐயா, என் வாழ்நாளில் ஒரு மோட்டார் எரிந்துபோனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

9. அதன்பின் ஜூன் இரண்டாம் தேதி சனிக்கிழமை மதிய இடைவேளையில், வாயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு சோதனை செய்தேன். கோதைநாயகி அம்மாளும் முனிகிருஷ்ணன் அவர்களும் உடனிருந்தார்கள். பினாயில் எங்கிருந்து கிடைத்தது என்று தாங்கள் கேட்பீர்கள். மே ஐந்தாம் தேதி, வாயிலோரச் சாக்கடையில் தெளிப்பதற்காக ஒரு மருந்துச் சீசா அளவு முனிகிருஷ்ணன் அவர்களுக்கு நான் ஊற்றிக் கொடுத்திருந்தேன். நான் கலப்படம் செய்ததாகச் சொல்லிப் பறிமுதல் செய்தார்களே, அதே தகரத்துப் பினாயில். அவர் அதில் பாதிதான் செலவழித்திருந்தார்.

"நீ ஊத்திக் குடுத்ததுதாம்மா இது. நான் வேற எதையும் கலக்கல. எங்க நைனா மேல சத்தியம்" என்றார்.

நான்கு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்தேன். முதலாவதில் தொழிற்சாலைக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். இரண்டாவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதிகாரிகள் பானையைத் தொட எனக்கு உரிமை இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கையில் கோதைநாயகி அம்மாள் கூஜாவின் திருகைத் திறந்தார். அந்தத் தண்ணீரை அவர் மாலை வீடு திரும்பும்வரை குடிக்க வேண்டும். ஜூன் மாத வெயில். கக்கூஸ் பினாயிலுக்கு மடைப்பள்ளித் தண்ணீரா என்று நானே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் சொன்னது:

"எனக்கு இன்னிக்குத் தாகம் இல்லே, செல்லி. ரொப்பிக்கோ. திருட்டுப் பட்டம் கழுவறதுக்கு இதைவிட நல்ல தீர்த்தம் எங்கே போய்த் தேடுவே?"

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் கூஜாத் தண்ணீரை ஊற்றினோம். மூன்றாவதில் மட்டும் கை நிறையக் கல்லுப்பைப் போட்டுக் கரைத்தேன். முதல் மூன்றிலும் முனிகிருஷ்ணன் அவர்கள் சீசாவிலிருந்து பத்துப் பத்துச் சொட்டுப் பினாயில். நான்காவதில் பினாயிலுக்குப் பதில் எங்கள் படகுக் கீல்.

கண்டது: கிணற்றுத் தண்ணீரில் திரிந்தது. கூஜாத் தண்ணீரில் கறந்த பால்போல வெளுத்தது. உப்புப் போட்ட கூஜாத் தண்ணீரில் திரிந்தது. கீல் நல்ல தண்ணீரிலும் கரையாமல் கருப்புத் திட்டாக மிதந்தது. எவ்வளவு கலக்கியும் துளி வெளுப்பு இல்லை.

நான் தகரத்தில் கீலைக் கலந்திருந்தால் இரண்டாவது கொட்டாங்கச்சி வெளுத்திருக்காது. இதுதான் என் வழக்கு முழுவதும்.

10. இதைச் சடையப்பன் அவர்களிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பட்டாளத்தில் எல்லா ஊரிலும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தது என்றார். ஆனால் உத்தரவு போட்டது மேலாளர்; விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விசாரணை நாள் நவம்பர் ஐந்தாம் தேதி. கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டிய அதிகாரிக்கு அதற்கு முன் நேரமில்லையாம்.

ஐயா, நான் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான். ஐப்பசி மழை விழுந்தால் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் இனித்துவிடும். நவம்பர் ஐந்தாம் தேதி அதே கிணற்றில் ஒரு வாளி இறைத்துப் பினாயிலை ஊற்றினால் பால்போல வெளுக்கும். மே மாதம் திரிந்தது, இப்போது வெளுக்கிறது, ஆகவே அன்று இவள் கலப்படம் செய்தாள் என்று முடிவாகும். என் ஒரே சாட்சி அந்தக் கிணற்றிலுள்ள உப்பு. மழை வந்ததும் அது போய்விடும். இது என் கற்பனை இல்லை. இதற்கு முன் ஒருமுறை நடந்திருக்கிறது.

11. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எங்கள் குப்பத்துக் குப்பாயி. 1971 மே மாதம் இதே பினாயில், இதே கீல் குற்றத்துக்காக நீக்கப்பட்டார். அவர் வீட்டிலும் படகு உண்டு. அவர் கையிலும் கறை இருந்தது. அவர் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்படி கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அந்த நவம்பரில் விசாரணையின்போது அவர் கேட்டபடியே கிணற்றுத் தண்ணீரில் சோதித்தார்கள். வெளுத்தது. பதிவேட்டில் 22-5-1971 பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே "திருட்டு நிரூபணம்" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் காலி செய்த இடத்தில்தான் நான் தற்காலிகமாகச் சேர்ந்தேன். அந்த விசாரணை முடிந்த வாரம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

சோதனை முடிந்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷமாகப் போனதில்லை. கொட்டாங்கச்சிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் வலை முடிந்துகொண்டே கேட்டார். முடிவில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தண்ணியப் பாருங்கன்னு அப்பவே சொல்லிக்கினு இருந்தேன். நீ கூடக் கேக்கல. அப்பால ஐப்பசில வெளுத்துச்சா, எனக்கே புத்தி கலங்கிப் போச்சி. நாந்தான் தெரியாம எதையோ மாத்தி ஊத்திட்டேனோன்னு இன்னி வரைக்கும் நெனச்சிக்கினு இருக்கறேன்."

செய்யாத திருட்டைத் தாமே செய்திருப்போமோ என்று ஒருவர் இரண்டு வருஷம் யோசித்திருக்கிறார். எனக்கு நான்கு நாள்தான் சோறு இறங்கவில்லை.

12. இனி எழுதப்போவது தங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று தாங்கள் கருதலாம். ஆனால் இதை விட்டுவிட்டு மனுவை முடித்தால் நான் உண்மையை மறைத்தவள் ஆவேன். 1971 கார்த்திகையில் குப்பாயியின் மகளுக்குப் பரிசம் போட வந்தவர்கள், முதலில் என் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். நான் அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்குத் தெரியும் என்று வந்தார்கள். "பினாயில் விஷயம் உண்மைதானா?" என்று கேட்டார்கள். "உண்மைதான்" என்று சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது. அவர் இடத்தில் அமர்ந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு அவர் திருடியிருந்தால்தான் நிம்மதி என்பதால் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

13. தங்களிடம் சில சந்தேகங்களையும் கேட்க விரும்புகிறேன். திரிந்த பினாயில் கிருமியைக் கொல்லுமா? கொல்லாது என்றால், கோடையில் இரண்டரை மாதம் எண்பத்து நான்கு பெண்கள் கிருமிநாசினி போடாத கழிப்பறைக்குப் போய்வருகிறார்கள் என்று ஆகிறது. அந்த மாதங்களில் நாற்றம் கூடுவதை எல்லோரும் வெயில் என்று சொல்லிவிடுகிறோம். நான் இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த நாற்றம் போவதில்லை. கடைசியாக ஊற்றுவது வேலை செய்யாவிட்டால் முன்னால் தேய்ப்பதற்கு என்ன பலன்? மேலும், உப்பு ஏன் பினாயிலைத் திரிக்கிறது? சவுக்காரத்தையும் பினாயிலையும் ஒரே மாதிரி திரிப்பதால், பினாயிலுக்குள்ளும் சவுக்காரம் ஏதாவது இருக்குமோ? தொழிற்சாலையில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மேலாளரின் மேஜைமேல் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கலாம் என்று கோதைநாயகி அம்மாள் சொல்கிறார். தங்களுக்குத் தெரிந்திருந்தால், உத்தரவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதித் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதை அறிந்துகொள்ள எனக்கு ஆவலாக உள்ளது.

14. ஆகவே ஐயா அவர்கள்,

(அ) மழைக்கு முன்பாக, கூடுமானால் ஆனி முடிவதற்குள், மேற்படி தொழிற்சாலைக்கு நேரில் வந்து, கிணற்றுத் தண்ணீரிலும் அலுவலகப் பானைத் தண்ணீரிலும் ஒரே தகரத்துப் பினாயிலை ஊற்றிப் பார்க்க வேண்டுகிறேன். எந்தத் தகரம் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். நான் கை நீட்டாமல் தள்ளி நிற்கிறேன். கையில் இப்போது கறையும் இல்லை.

(ஆ) இனிமேல் சனிக்கிழமை தோறும் பினாயில் கலப்பதற்காக ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், கோடையில் மட்டுமாவது, கழிப்பறைக்குக் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். அந்த மாட்டுவண்டி தினமும் வருகிறது. இன்னும் ஒரு பீப்பாய் ஏற்ற அதில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

(இ) சடையப்பன் அவர்கள்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவர் தமக்குத் தெரிந்த சோதனையை ஒழுங்காகச் செய்தார்.

(ஈ) 22-5-1971 நாளிட்ட பக்கத்தில் குப்பாயியின் பெயருக்கு எதிரே உள்ள சிவப்பு மை எழுத்தை அடித்துவிட்டு, தாங்கள் கையொப்பமிட்டு, அதன் நகல் ஒன்றை அவருக்குத் தர உத்தரவிட வேண்டுகிறேன். அந்த இடம் முதலில் அவருடையது. அவர் மீண்டும் வேலைக்கு வர விரும்பினால் அவருக்கே கொடுக்கலாம். என் வேலை நீக்கத்தைப் பற்றிய முடிவை அதன் பிறகு எடுத்தால் போதும்.

குப்பாயியின் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனவர்களின் ஊர், பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். நானே போய், அன்று சொன்னது பொய் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் இப்போது நானும் பினாயில் திருடி. என் வாய்ச் சொல்லை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையில் கொண்டுபோய்க் காட்ட எனக்குச் சர்க்கார் முத்திரை வைத்த காகிதம் ஒன்று வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வருகையைக் கிணற்றடியில் எதிர்பார்க்கும்,
மா. செல்லியம்மாள்

இடம்: சேத்துமேட்டுக் குப்பம்
நாள்: 11-6-1973

இணைப்பு:
1. துப்புரவுப் பதிவேட்டின் மூன்றாண்டு நகல், கோதைநாயகி அம்மாள் கையெழுத்தில்.
2. 1972 மே, ஜூன் மாதங்களில் தண்ணீர் லாரி வந்த நாட்கள், வாயில் புத்தகத்தின்படி.
3. சீசா ஒன்று: தொழிற்சாலைக் கிணற்றுத் தண்ணீர், 9-6-1973 அன்று இறைத்தது.
4. சீசா இரண்டு: நல்ல தண்ணீர், கோதைநாயகி அம்மாள் கூஜாவிலிருந்து.
5. சிறு சீசா: பறிமுதலான தகரத்துப் பினாயில், முனிகிருஷ்ணன் அவர்கள் கொடுத்தது. மூடியை மெதுவாகத் திறக்கவும்; மேஜை விரிப்பில் பட்டால் கறை போகாது.

மேற்கண்ட சோதனையைக் கண்ணால் பார்த்தவர்கள்:
(ஒப்பம்) கோதைநாயகி
(ஒப்பம்) முனிகிருஷ்ணன்

தண்ணீரைப் பார்க்கும்படி 1971ஆம் ஆண்டிலேயே சொன்னவர்:
குப்பாயி, இடது கைப் பெருவிரல் ரேகை